கடந்துபோன நாட்களின் செலவும் கடனே: இமாம் ஷாஃபிஈ (ரஹ்) வாழ்வும் ஒரு தீர்ப்பும்

தலாக் முடிந்தபின் இரு வீட்டாரும் ஜமாஅத் அலுவலகத்தில் உட்கார்ந்து கணக்குத் தீர்ப்பதை நம்மில் பலர் பார்த்திருப்போம். மஹர் பாக்கி எவ்வளவு, பெண் வீட்டார் போட்ட நகை எத்தனை பவுன், சீர் சாமான்கள் யாரிடம் இருக்கின்றன, இத்தா காலச் செலவுக்கு என்ன தருவது என்று ஒவ்வொன்றாகப் பேசுவார்கள். கணவர் வளைகுடாவுக்குப் போய் ஐந்து வருடம் ஒரு ரூபாய்கூட அனுப்பாமல் இருந்திருப்பார். அந்த ஐந்து வருடமும் அவள் வாப்பா வீட்டுச் சோற்றிலோ தையல் மிஷினை நம்பியோ காலம் தள்ளியிருப்பாள். அந்தக் காலத்துச் செலவு மட்டும் பேச்சில் வராது. பெண் வீட்டுப் பெரியவர் யாராவது எடுத்தாலும், முடிந்துபோனதை ஏன் கிளறுகிறீர்கள் என்று அடக்கிவிடுவார்கள்.

அது முடிந்துபோனதுதானா? ஏறத்தாழ 1,200 ஆண்டுகளுக்கு முன்பே இந்தக் கேள்விக்கு இல்லை என்று தெளிவாகத் தீர்ப்புச் சொன்னவர் இமாம் முஹம்மது இப்னு இத்ரீஸ் அஷ்ஷாஃபிஈ (ரஹ்) அவர்கள். காயல்பட்டினம், கீழக்கரை, நாகூர் தொடங்கி இலங்கை வரை நம் மக்களில் பெரும்பகுதியினர் அவருடைய மத்ஹபைத்தான் பின்பற்றுகிறார்கள். ஃபஜ்ரில் குனூத் ஓதுவதா இல்லையா என்பதில் ஷாஃபிஈ, ஹனஃபி வித்தியாசத்தை அவ்வளவு நுணுக்கமாகப் பார்க்கிறோம். பெண்ணுக்குச் சேர வேண்டிய பணம் என்று வரும்போது மட்டும் நம் இமாம் என்ன சொன்னார் என்று கேட்கத் தோன்றுவதில்லை. அவருடைய வாழ்க்கையோடு சேர்த்து அந்தத் தீர்ப்பையும் இங்கே பார்ப்போம்.

இமாம் அவர்கள் ஹிஜ்ரி 150-இல் (கி.பி. 767) பிறந்தார்கள். பிறந்த ஊர், இன்று நாள்தோறும் செய்திகளில் நாம் கண்ணீரோடு கேட்கும் அதே காஸா. குறைஷிக் குலத்தில் முத்தலிப் கிளையைச் சேர்ந்தவர்கள். நபி (ஸல்) அவர்களின் பாட்டனாரின் தந்தை ஹாஷிமுக்கு இந்த முத்தலிப் உடன்பிறந்தவர். ஹாஷிம் வணிகப் பயணத்தில் மரணித்து அடக்கம் செய்யப்பட்டதும் காஸாவில்தான்.

குழந்தை கைப்பிள்ளையாக இருக்கும்போதே தந்தை இத்ரீஸ் மௌத்தாகிவிட்டார். உறவினர் யாருமில்லாத ஊரில் ஒரு இளம் விதவை. குறைஷி வம்சத்துப் பிள்ளை வேரறுந்து வளரக்கூடாது என்று, இரண்டு வயதுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அந்தத் தாய் மக்காவுக்குப் போனார். அங்கும் வறுமைதான். மக்தபில் சேர்த்தபோது உஸ்தாதுக்குக் கொடுக்கக் காசில்லை. உஸ்தாத் வெளியே போகும் நேரத்தில் மற்றப் பிள்ளைகளுக்கு இந்தச் சிறுவன் பாடம் சொல்லிக் கொடுத்ததால், அதையே சம்பளமாக வைத்துக்கொண்டார் அவர். எழுதத் தோலோ தாளோ வாங்க முடியாமல் எலும்புகளில் பாடங்களை எழுதி வைத்தார்கள். அரசு அலுவலகத்துக்குப் போய், ஒரு பக்கம் எழுதிக் கழித்துப் போட்ட தோல்களைக் கேட்டு வாங்கி மறுபக்கத்தில் எழுதியதும் உண்டு.

ஏழு வயதில் குர்ஆன் மனனம். பிறகு இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தா நூல். பாலைவனத்தில் ஹுதைல் கோத்திரத்தாரோடு தங்கி அவர்களின் தூய அரபு மொழியையும் கவிதைகளையும் கற்றார்கள். அம்பெய்வதில் பத்துக்குப் பத்தும் இலக்கில் விழும் அளவுக்குத் தேர்ச்சி.

மக்காவில் அவர்களுக்கு ஃபிக்ஹ் கற்பித்த ஆசிரியர்களில் முக்கியமானவர் முஸ்லிம் இப்னு காலித் அஸ்ஸன்ஜி (ரஹ்). மக்காவின் முஃப்தியாக இருந்தவர். இந்த மாணவர் இன்னும் மீசை அரும்பும் வயதில் இருக்கும்போதே ஃபத்வா கொடுக்க அனுமதி அளித்தவர் அவர்தான். இந்த உஸ்தாதின் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நாம் பேச வந்த விஷயத்துக்கான ஆதாரம் இவர் வழியாகத்தான் இமாமின் கைக்கு வந்தது.

பிறகு மதீனா. இமாம் மாலிக் அவர்களின் முன்னால் அமர்ந்து முவத்தாவை மனப்பாடமாக ஓதிக் காட்டினார்கள். ஹிஜ்ரி 179-இல் (கி.பி. 795) மாலிக் (ரஹ்) மௌத்தாகும் வரை அந்தத் தொடர்பு நீடித்தது. அதன்பின் பிழைப்புக்கு வழி தேட வேண்டியிருந்தது. யமன் நாட்டில் ஒரு அரசுப் பணி கிடைத்தது. பயணச் செலவுக்குக் கையில் ஒன்றுமில்லை. தாய் தம் வீட்டைப் பதினாறு தீனாருக்கு அடகு வைத்துக் கொடுத்தார் என்று வரலாற்றில் வருகிறது. கணவரில்லாமல் ஒரு பெண் ஒரு பிள்ளையை ஆளாக்குவதற்கு என்ன செலவாகும் என்று இமாமுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியிருக்கவில்லை. இது நம்முடைய எண்ணம்தான். அவர்களின் சட்டத் தீர்ப்புகள் ஆதாரத்தின் மீது நின்றவையே தவிர, சொந்த அனுபவத்தின் மீது நின்றவையல்ல.

நஜ்ரானில் நேர்மையாகப் பணியாற்றியதே வினையாக முடிந்தது. அலவிகளோடு சேர்ந்து ஆட்சிக்கு எதிராகச் சதி செய்கிறார் என்ற குற்றச்சாட்டில், ஹிஜ்ரி 184-வாக்கில் விலங்கு பூட்டப்பட்டு கலீஃபா ஹாரூன் அர்ரஷீத் முன் நிறுத்தப்பட்டார்கள். உடன் கொண்டு வரப்பட்டவர்களின் தலைகள் வெட்டப்பட்டன. அந்தச் சபையில் இவர்களுக்காகப் பரிந்து பேசியவர், இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் மாணவரும் காஸியுமான முஹம்மது இப்னுல் ஹஸன் அஷ்ஷைபானி (ரஹ்). உயிர் பிழைத்த இமாம் ஷாஃபிஈ, தம்மைக் காப்பாற்றியவரிடமே மாணவராக அமர்ந்துவிட்டார்கள். அவருடைய நூல்களைப் படியெடுக்க அறுபது தீனார் செலவழித்து, ஒட்டகம் சுமக்கும் அளவுக்கு எழுதிச் சேர்த்தார்கள். ஹனஃபி ஃபிக்ஹை உள்ளும் புறமும் படித்துவிட்டு, மாறுபடும் இடத்தில் மரியாதையோடு மாறுபட்டார்கள். மனைவியின் கடந்தகாலச் செலவு அப்படிப்பட்ட இடங்களில் ஒன்று.

முதலில் ஹனஃபி உலமாக்களின் நிலைப்பாட்டைச் சொல்லிவிட வேண்டும். மனைவிக்குச் செலவு கொடுப்பது கணவன் மீது கடமை என்பதில் அவர்களுக்கும் ஐயமில்லை. ஆனால் அது வியாபாரத்தில் வரும் விலைப்பாக்கி போன்றதல்ல. குடும்ப உறவின் பேரில் அன்றன்றைய தேவைக்காகக் கொடுக்கப்படுவது. எனவே காஸி தொகையை நிர்ணயித்துத் தீர்ப்பளித்திருந்தால், அல்லது இருவரும் ஒரு தொகைக்கு ஒப்புக்கொண்டிருந்தால் மட்டுமே கொடுக்காமல் விட்ட காலத்துக்கும் கேட்கலாம். இரண்டும் இல்லாவிட்டால் கடந்துபோன நாட்களின் செலவு கடந்துபோனதுதான். பாதிக்கப்பட்ட பெண் காலம் தாழ்த்தாமல் காஸியிடம் போக வேண்டும் என்பது இதன் நடைமுறை விளைவு. இமாம் மாலிக் அவர்களின் வழியில், கணவன் வசதியாக இருந்த காலத்துக்குரியது பாக்கியாக நிற்கும். அவன் வறுமையில் இருந்த காலத்துக்குரியது விழுந்துவிடும்.

இமாம் ஷாஃபிஈ அவர்கள் இரு உஸ்தாதுகளின் வழியிலிருந்தும் விலகினார்கள். மனைவி தன்னைக் கணவனுக்கு ஒப்படைத்து, அவனுடைய மனைவியாக வாழத் தயாராக இருக்கும் ஒவ்வொரு நாளும் அந்த நாளுக்குரிய செலவு அவன் மீது கடமையாகிறது. கொடுத்தால் தீர்ந்தது. கொடுக்காவிட்டால் அது கடன். காஸி தீர்ப்பளித்தாரா, இருவரும் பேசி வைத்தார்களா என்பதெல்லாம் கேள்வியில்லை. வருடங்கள் போனாலும் அந்தக் கடன் கரையாது. கணவன் ஏழை என்றாலும் ஏழைக்குரிய அளவில் பாக்கி ஏறிக்கொண்டே இருக்கும். அவன் மௌத்தாகிவிட்டால் மற்றக் கடன்களைப் போல, சொத்தைப் பங்கு வைக்கும் முன் அதிலிருந்து கொடுக்கப்பட வேண்டும். தலாக் சொல்லிவிட்டாலும் அதே நிலைதான். திருமணம் முடிகிறது, திருமணத்தின்போது ஏறிய கடன் முடிவதில்லை.

இதற்கு ஆதாரம் என்ன? இங்கேதான் மக்காவின் பழைய உஸ்தாத் வருகிறார். முஸ்லிம் இப்னு காலித் வழியாக, நாஃபிஉ (ரஹ்), இப்னு உமர் (ரலி) ஆகியோரின் தொடரில் ஒரு செய்தியை இமாம் அறிவிக்கிறார்கள். உமர் (ரலி) அவர்களின் கிலாஃபத்தில் இஸ்லாமியப் படைகள் இராக், ஷாம், மிஸ்ர் என்று தொலைதூரங்களில் இருந்தன. வீட்டை விட்டுப் போன ஆண்கள் சிலர் மனைவியரை அப்படியே விட்டுவிட்டார்கள். கலீஃபா அவர்கள் படைத்தளபதிகளுக்கு ஒரு கடிதம் எழுதினார்கள். அப்படிப்பட்டவர்களைப் பிடித்து, ஒன்று மனைவிக்குச் செலவு அனுப்பச் சொல்லுங்கள், இல்லையென்றால் தலாக் கொடுக்கச் சொல்லுங்கள், தலாக் கொடுத்தால் இதுவரை கொடுக்காமல் நிறுத்தி வைத்த காலத்துக்குரிய செலவையும் அனுப்ப வேண்டும் என்பது அதன் சாரம்.

தலாக் கொடுப்பவன் பழைய பாக்கியிலிருந்து தப்பிக்க முடியாதபடி உமர் (ரலி) அவர்கள் அந்தக் கடைசிப் பகுதியைச் சேர்த்திருக்கிறார்கள். அந்தப் பெண்களில் யாரும் முன்னதாகக் காஸியிடம் போய்த் தொகை நிர்ணயித்து வைத்ததாகச் செய்தியில் இல்லை. பிழைப்புக்காகத் தூர தேசம் போன கணவர்கள், ஊரில் காத்திருக்கும் மனைவியர் என்ற அந்தச் சூழலை நம் ஊர்க்காரர்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

சரி, ஐந்து வருடச் செலவை எப்படிக் கணக்கிடுவது? இதற்கும் இமாம் வழி வைத்திருக்கிறார்கள். தேவையான அளவு என்று பொதுவாக விடாமல், நாளொன்றுக்கு இவ்வளவு என்று அளந்தே சொன்னார்கள். வசதியில்லாத கணவன் என்றால் அந்த ஊர் மக்கள் உண்ணும் தானியத்தில் ஒரு முத். வசதியுள்ளவன் என்றால் இரண்டு முத். நடுத்தரமானவன் ஒன்றரை. (நாம் ஃபித்ரா கொடுக்கும்போது அளக்கும் ஒரு ஸாஉவில் நான்கில் ஒரு பங்குதான் முத்.) இதோடு அந்த ஊர் வழக்கப்படி எண்ணெய் அல்லது நெய், வாரத்துக்கு ஒரு முறை இறைச்சி, கோடைக்கும் குளிருக்கும் தனித்தனி உடை, படுக்கை, குடியிருக்க வீடு. தலைக்குத் தேய்க்கும் எண்ணெயையும் சீப்பையும்கூட அவர்கள் விடவில்லை. அறுபது எழுபது சட்ட நூல்களைத் தலையில் சுமந்த ஒரு இமாம், ஒரு பெண்ணின் தலைக்கு எண்ணெய் உண்டா என்று யோசித்திருக்கிறார்கள் என்பது நமக்கு வியப்பாக இருக்கிறது.

அளவு தெரிந்துவிட்டால் பாக்கியும் தெரிந்துவிடும். ஹிஜ்ரி வருடத்துக்கு 354 நாள் என்று வைத்தால், ஏழைக் கணவன் ஐந்து வருடம் கொடுக்காமல் விட்டது தானியம் மட்டுமே 1,770 முத். உடைக்கும் மற்றவற்றுக்கும் தனிக் கணக்கு. ஏதோ பார்த்துக் கொடுங்கள் என்று கெஞ்சும் இடத்தில், இவ்வளவு தர வேண்டும் என்று எண்ணிச் சொல்லும் நிலையை அது பெண்ணுக்குக் கொடுத்தது.

கணவன் நான் கொடுத்துவிட்டேன் என்று சொன்னால்? கொடுத்ததற்கு அவன்தான் சாட்சி கொண்டுவர வேண்டும். சாட்சி இல்லையென்றால், கிடைக்கவில்லை என்று அவள் சத்தியம் செய்து சொல்வதே ஏற்கப்படும். கடன் வாங்கியவன்தான் அடைத்ததை நிரூபிக்க வேண்டும் என்ற அதே விதி. இன்றைக்கு வங்கிக் கணக்கு, அனுப்பிய ரசீது என்று நிரூபிக்க எத்தனையோ வழிகள் இருக்கின்றன.

இதில் கணவனுக்குரிய நியாயமும் உண்டு. மார்க்கம் ஏற்கும் காரணமில்லாமல் மனைவி வீட்டை விட்டுப் போனாள், அவனோடு வாழ மறுத்தாள் என்றால் அந்தக் காலத்துக்குச் செலவு கடமையாகாது. நம் பஞ்சாயத்துகளில் ஆண் தரப்பு முதலில் சொல்வதும் இதைத்தான். ஆனால் அவனே வெளிநாடு போய், அவளை அழைத்துக்கொள்ளாமல் இருந்தால் அவள் மீது அந்தக் குற்றத்தைச் சுமத்த முடியாது.

தலாக்கிற்குப் பிந்திய காலத்தில் ஷாஃபிஈ மத்ஹபே எல்லா இடத்திலும் பெண்ணுக்கு அதிகம் கொடுக்கிறது என்று எண்ணிவிடக் கூடாது. திரும்பச் சேர முடியாத தலாக்கில், கர்ப்பிணியாக இல்லாவிட்டால், இத்தா காலத்தில் தங்குமிடம் மட்டுமே உண்டு, செலவு இல்லை என்பது இமாமின் முடிவு. ஃபாத்திமா பின்த் கைஸ் (ரலி) அவர்களின் ஹதீஸ் இதற்கு ஆதாரம். ஹனஃபி மத்ஹபிலோ அவளுக்கு இரண்டும் உண்டு. அதே நேரம், தலாக் சொல்லப்பட்ட பெண்ணுக்கு முத்ஆ எனும் கொடை கொடுப்பது (அல்பகரா 241) கடமை என்பது இமாமின் பிந்திய கருத்து. பல ஊர்களில் இத்தாவுக்கு ஒரு மத்ஹப், பழைய பாக்கிக்கு ஒரு மத்ஹப் என்று பணம் குறையும் பக்கமாகவே தேர்ந்தெடுப்பதை நாம் பார்த்திருக்கிறோம். அப்படி இரண்டிலும் குறைந்ததை எடுத்துக்கொள்ள எந்த இமாமும் சொல்லவில்லை.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. ஏறிவிட்ட பழைய பாக்கியை அந்தப் பெண் மனமொப்பி விட்டுக்கொடுத்தால் அது செல்லும். ஆனால் இனி வரப்போகும் நாட்களுக்குரிய செலவை முன்கூட்டியே விட்டுக்கொடுப்பது இந்த மத்ஹபில் செல்லாது. இன்னும் கடமையாகாத ஒன்றை எப்படி மன்னிக்க முடியும்? எல்லா உரிமைகளையும் விட்டுவிட்டேன் என்று ஒரே வரியில் எழுதி அவளிடம் கையெழுத்து வாங்குகிறோமே, அப்போது பாக்கி இவ்வளவு என்று அவளுக்கு யாராவது கணக்குச் சொன்னார்களா?

நம் நாட்டு நீதிமன்றங்களில் நிலைமை என்ன என்பதையும் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் போடும் ஜீவனாம்ச மனு (முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டம் 125, 2024 ஜூலை முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 144) மனுப் போட்ட நாளிலிருந்துதான் பணம் வாங்கித் தரும். உச்ச நீதிமன்றம் 2020 நவம்பரில் அந்தத் தேதியையே எல்லா நீதிமன்றங்களும் பின்பற்றச் சொன்னது. அதற்கு முந்திய வருடங்கள் அந்த வழியில் வராது. அவை சிவில் வழக்குக்குரியவை. அங்கே ஷாஃபிஈ மனைவி முன் ஒப்பந்தம் இல்லாமலேயே கடந்தகாலச் செலவைக் கேட்கலாம், ஹனஃபி மனைவி கேட்க முடியாது என்று முல்லாவின் முஸ்லிம் சட்ட நூல் போன்றவை இன்றும் எழுதி வைத்திருக்கின்றன. காலக்கெடு விதிகளும் உண்டு என்பதால் வழக்கறிஞரைக் கலந்துகொள்வது அவசியம்.

மீண்டும் இமாமிடம் வருவோம். மக்கா திரும்பி ஹரமில் பாடம் நடத்தினார்கள். அஹ்மத் இப்னு ஹன்பல் (ரஹ்) இமாமின் மாணவரானார். ஹிஜ்ரி 195-இல் மறுபடி பக்தாத். பிறகு ஹிஜ்ரி 199-வாக்கில் எகிப்து. ஐம்பது வயதை நெருங்கும் நேரத்தில், தாம் அதுவரை எழுதியவற்றை எடுத்து வைத்து மறுபரிசீலனை செய்தார்கள். மாற்ற வேண்டியதை மாற்றினார்கள். பழைய கருத்து, புதிய கருத்து என்று மத்ஹபில் நாம் பிரித்துச் சொல்வது இதைத்தான். புகழின் உச்சியில் இருக்கும் அறிஞர் தம் சொந்தத் தீர்ப்புகளையே திருத்தி எழுதுவது எளிதல்ல. அல்உம்மு எனும் பெருநூலை மாணவர் ரபீஉ இப்னு சுலைமான் நமக்குக் கொண்டு சேர்த்தார். மனைவியின் செலவைப் பற்றிய பாடங்களும் உமர் (ரலி) அவர்களின் கடிதமும் அதில்தான் இருக்கின்றன.

எகிப்தில் வாழ்ந்தது ஐந்து வருடம்கூட இருக்காது. மூலநோயால் இரத்தப் போக்கு நிற்காமல் உடல் மெலிந்தது. அந்த நிலையிலும் எழுதிக்கொண்டும் எழுத வைத்துக்கொண்டும் இருந்தார்கள். ஹிஜ்ரி 204 ரஜப் மாதத்தின் கடைசியில் (கி.பி. 820 ஜனவரி) வஃபாத்தானார்கள். வயது 54. ஜனாஸா நபிகளாரின் குடும்பத்துப் பேரறிஞரான ஸையிதா நஃபீஸா (ரஹ்) அவர்களின் வீட்டுக்குக் கொண்டு செல்லப்பட்டு, அவரும் ஜனாஸா தொழுதார் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள்.

கெய்ரோவின் கராஃபா மையவாடியில் அவர்களின் கப்று இருக்கிறது. ஹிஜ்ரி 608-இல் (கி.பி. 1211) அய்யூபி சுல்தான் அல்காமில் அதன் மீது எழுப்பிய மரக் குவிமாடத்தின் உச்சியில் செம்பால் ஆன ஒரு சிறு படகு இருக்கும். பறவைகளுக்குத் தானியம் வைப்பதற்காக அமைத்தது என்பார்கள். எகிப்தின் பாமர மக்கள் தங்களுக்கு இழைக்கப்பட்ட அநியாயங்களை எழுதி அந்தக் கப்றுக்குத் தபாலில் கடிதம் அனுப்பும் வழக்கம் நெடுங்காலமாக இருந்தது. ஸையித் உவைஸ் என்ற சமூகவியலாளர் அந்தக் கடிதங்களைத் திரட்டி 1965-இல் ஒரு ஆய்வு நூலே வெளியிட்டார். கப்றில் இருப்பவரிடம் முறையிடுவதை மார்க்கம் அனுமதிக்கவில்லை, இமாமே அதை ஏற்றிருக்க மாட்டார்கள். ஆனாலும் எழுதியவர்கள் அவரை எப்படி நினைத்து எழுதினார்கள் என்பது கவனிக்கத்தக்கது. ஊரிலும் கோர்ட்டிலும் தங்கள் வழக்கு எடுபடாமல் போன பிறகு, இன்னும் அதைக் கேட்கக்கூடிய ஒரு காஸியாகவே நினைத்து எழுதியிருந்தார்கள்.